முந்நூறு கிராம், இரண்டு ஆயுள்

தராசின் ஒரு தட்டில் மாடப்புறாவையும் மறு தட்டில் பழுப்பு எலியையும் வைக்க முடிந்தால் முள் பெரிதாகச் சாயாது. வளர்ந்த புறா ஏறத்தாழ 300 கிராம். வளர்ந்த எலியும் அந்தக் கணக்குதான். நன்றாகத் தின்று கொழுத்த ஆண் எலி அரைக் கிலோவைத் தொடுவதுண்டு, அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். மூளை இரண்டுக்கும் சுமார் 2 கிராம். இரண்டுமே மனிதர்கள் கட்டியதில் குடியேறி, மனிதர்கள் சிந்தியதைப் பொறுக்கி, மனிதர்களின் கப்பல்களில் ஏறிக் கண்டம் விட்டுக் கண்டம் போனவை. உடலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு விநோதமான ஒற்றுமையும் தென்படும். முதுகெலும்புள்ள உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கும் பித்தப்பை இந்த இரண்டுக்கும் கிடையாது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் எங்கும் தங்காமல் நேராகக் குடலுக்குப் போய்விடுகிறது.

இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டையும் ஒரே நாளில் பிறந்தவையாக எடுத்து, பத்திரமான கூண்டில் நல்ல தீனியுடன் வளர்த்து, மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். எலி அநேகமாக இறந்திருக்கும். இருந்தால் ரோமம் மங்கி உதிர்ந்திருக்கும், பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கும், சிறுநீரகம் தளர்ந்திருக்கும், உடலில் எங்காவது ஒரு கட்டி புடைத்திருக்கும். புறாவோ அப்போதுதான் குடும்பம் நடத்தத் தொடங்கிய இளம் பறவை. அதற்கு வயது மூன்றா பத்தா என்று இறகைப் பார்த்துச் சொல்வது பழகிய கண்ணுக்கும் கடினம். பதிவான உச்ச ஆயுளைக் கேட்டால் எலிக்கு 4 முதல் 5 ஆண்டுகள், புறாவுக்கு 35 ஆண்டுகள். ஏழு மடங்கு.

உச்ச ஆயுள் என்பது சராசரி ஆயுள் ஆகாது. வெளியில் திரியும் எலிகளில் பெரும்பாலானவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. நகரத்துப் புறாக்களிலும் பல சில ஆண்டுகளிலேயே பருந்துக்கோ நோய்க்கோ பலியாகிவிடுகின்றன. ஆகவே ஏழு மடங்கு என்பது தெருவில் அவை வாழும் காலத்தின் ஒப்பீடு இல்லை. எந்த ஆபத்தும் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த உடல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதன் ஒப்பீடு. இந்த வேறுபாட்டை நழுவவிட்டால் மீதிக் கதை முழுவதும் குழம்பிவிடும்.

புறா உண்மையில் முந்திக்கொண்டு சாக வேண்டிய உயிர். அப்படித்தான் ஒரு காலத்து அறிவியல் எதிர்பார்த்திருக்கும். 1908இல் ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் ரூப்னர், கினிப்பன்றி, பூனை, நாய், பசு, குதிரை ஆகியவை வாழ்நாள் முழுவதும் செலவழிக்கும் ஆற்றலைக் கணக்கிட்டார். ஒரு கிராம் உடலுக்கு என்று வகுத்துப் பார்த்தபோது, அளவில் இவ்வளவு வேறுபட்ட விலங்குகளிலும் விடை ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தது. பிறக்கும்போதே ஒவ்வோர் உடலுக்கும் அளந்து ஊற்றிய எண்ணெய் என்று ஒன்று இருப்பதுபோலவும், திரியைத் தூண்டி எரித்தால் சீக்கிரம் அணையும், சிறுகச் சிறுக எரித்தால் நின்று எரியும் என்பதுபோலவும் இருந்தது. 1928இல் அமெரிக்கரான ரேமண்ட் பேர்ல் இதையே 'வாழும் வேகம்' என்ற கொள்கையாக விரித்தார். கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் கொள்கை. வேகமாக வாழ்ந்தால் சீக்கிரம் முடியும் என்பதை நம்புவதற்கு ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை.

புறாவின் உடல் இந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. அதன் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். எலிக்கு 37, 38. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் புறா எலியைவிடக் கணிசமாகக் குறைவாக ஆற்றலைச் செலவழிப்பதில்லை. பறக்கத் தொடங்கினாலோ செலவு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடுகிறது, இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கிறது. இரத்தச் சர்க்கரை எலியின் அளவைப்போல் சுமார் இரு மடங்கு. மனிதர் ஒருவரின் பரிசோதனைச் சீட்டில் அந்த எண் இருந்தால் மருத்துவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். சர்க்கரை கூடினால் அது புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும். வெப்பம் கூடினால் அந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும். இத்தனையும் சேர்ந்து 35 ஆண்டுகள் ஓடுகிறது. ஆயுள் முழுவதற்குமான கணக்கில், ஒரு கிராம் உடலுக்கு எலி எரிப்பதைப்போல் பல மடங்கு எண்ணெயைப் புறா எரித்துவிடுகிறது. விளக்கு அணையவில்லை.

அப்படியானால் விஷயம் எரிக்கும் அளவில் இல்லை, எரியும்போது கிளம்பும் புகையில் இருக்கிறது என்று அடுத்த தலைமுறை யோசித்தது. 1956இல் டென்ஹாம் ஹார்மன் சொன்னது இதுதான்: உணவை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும்போது, மூர்க்கமாக வினைபுரியும் மூலக்கூறுகள் சில தப்பி வெளியேறுகின்றன, கண்ணில் பட்ட புரதத்தையும் கொழுப்பையும் மரபுப்பொருளையும் அவை கடித்துவைக்கின்றன, அந்தக் காயங்கள் வாழ்நாள் முழுவதும் சேர்ந்து சேர்ந்து வருவதே முதுமை. உயிரணுவுக்குள் எரிப்பு வேலை நடக்கும் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. புகை கசிவதும் அங்கேதான்.

1990களில் புறாவும் எலியும் ஒரே மேஜைக்கு வந்தது இந்தக் கேள்விக்காகத்தான். எடை ஒன்று, எரிப்பு வேகம் ஏறத்தாழ ஒன்று, ஆயுள் மட்டும் எங்கோ. இதைவிடத் தோதான இணை எங்கே கிடைக்கும்? ஸ்பெயினில் குஸ்தாவோ பார்ஹாவின் குழு உட்படச் சிலர் இரண்டின் உறுப்புகளிலிருந்தும் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து அளந்தார்கள். எரிக்கும் ஆக்சிஜன் அளவுக்குப் பார்த்தால் புறாவினுடையது குறைவாகவே கசிகிறது என்று 1994இல் எழுதினார்கள். புறாவின் அடுப்பு சுத்தமான அடுப்பு. அதனால்தான் நீண்ட ஆயுள். விடை அழகாகப் பொருந்தியது, பாடநூல்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே இணையை மறுபடி எடுத்தார்கள். பழைய முடிவு பெரும்பாலும் ஒரே உறுப்பை, அதாவது இதயத்தை நம்பி எழுதப்பட்டது. அதிலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சக்சினேட் என்ற ஒரே எரிபொருளை ஊட்டி அளந்தது. பைருவேட் என்ற வேறு எரிபொருளைக் கொடுத்தவர்களுக்கு முரணான விடைகளும் கிடைத்திருந்தன. ஆகவே இம்முறை இதயத்தோடு எலும்புத்தசையையும் கல்லீரலையும் சேர்த்தார்கள். உடல் வைத்திருக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளில் ஐந்தை அளந்தார்கள். ஏற்பட்ட சேதத்தின் அடையாளங்களையும் பார்த்தார்கள். கசிவில் வேறுபாடு இல்லை. எதிர்ப்பிகளிலும் ஒரே திசையில் போகும் வேறுபாடு இல்லை. சுத்தமான அடுப்பு என்ற கதை அங்கேயே நின்றுபோனது.

ஒன்றே ஒன்று மட்டும் பார்த்த இடமெல்லாம் வேறுபட்டது: உயிரணுக்களைச் சுற்றியிருக்கும் சவ்வு எந்தக் கொழுப்பால் ஆனது என்பது.

இதைப் புரிந்துகொள்ள வேதியியல் பட்டம் வேண்டாம். எண்ணெய் காறிப்போவதை முகர்ந்திருந்தால் போதும். மூடாமல் வைத்த எண்ணெயில் சில நாட்களில் ஒரு வாடை கிளம்புகிறதே, அது ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்கியதன் வாடை. எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் காறுவதில்லை. கொழுப்பு அமிலத்தின் கரிமச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எத்தனை என்பதைப் பொறுத்தது அது. ஒன்றே ஒன்று உள்ள ஒலியிக் அமிலம் லேசில் அசையாது. இரண்டு உள்ள லினோலியிக் அமிலம் கொஞ்சம் இளகியது. ஆறு உள்ள டிஎச்ஏ, லினோலியிக்கைவிட 8 மடங்கும் ஒலியிக்கைவிட 320 மடங்கும் எளிதாகக் கெட்டுப்போகக்கூடியது. மீன் எண்ணெய் மாத்திரை விற்பவர்கள் புகழ்ந்து பேசும் அதே டிஎச்ஏதான். அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். உடலுக்கு அது தேவை, ஆனால் அது எளிதில் தீப்பற்றும் சரக்கு என்பதும் உண்மை.

எலியின் சவ்வுகள் எளிதில் கெடும் கலவையால் ஆனவை. புறாவின் சவ்வுகள் தாங்கும் கலவையால் ஆனவை. இதில் இன்னொரு சிக்கல், காறுதல் ஒரு மூலக்கூறோடு நிற்காது. தாக்கப்பட்ட கொழுப்பு தானே தாக்குபவனாக மாறி அடுத்ததைப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. ஓலைக் கூரைகள் நெருங்கியிருக்கும் தெருவில் ஒரு வீடு பற்றிக்கொள்வதுபோல. வந்து விழும் பொறிகள் இரண்டு தெருவிலும் ஒரே எண்ணிக்கைதான். ஒன்று ஓலை, மற்றது ஓடு. 2011ஆம் ஆண்டு ஆய்வு முன்வைத்த விளக்கம் ஏறத்தாழ இதுவே. மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கசிவு சமமாக இருந்தாலும், அதிலிருந்து கொழுப்பு வழியாகப் பரவும் இரண்டாம் கட்டச் சேதம் எலியில் மிக அதிகமாக இருக்கக்கூடும்.

எப்படி என்பதற்கு இது ஒரு விடை. ஏன் என்பதற்கு விடையாகாது. தாங்கும் சவ்வு புறாவுக்குக் கிடைக்கும் என்றால் எலிக்கு மட்டும் பரிணாமம் ஏன் அதைக் கொடுக்கவில்லை?

பீட்டர் மெடவார் 1952இல் சோதனைக் குழாய்களை வைத்து இதை விளக்கினார். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களுக்கு முதுமை கிடையாது; கைதவறினால் உடையும், அவ்வளவுதான். ஆனாலும் மாதத்துக்குச் சில உடைந்துகொண்டே இருந்தால் நெடுநாள் குழாய்கள் மிகச் சிலவே மிஞ்சும். உயிர்களும் அப்படித்தான். எலிக்கு மூத்துப் போவதால் வரும் சாவைவிடப் பூனையாலும் ஆந்தையாலும் பாம்பாலும் பொறியாலும் வரும் சாவே முந்தும். பத்தாவது ஆண்டில் உடலைக் காப்பாற்றப்போகும் ஒரு மரபணு, முதல் ஆண்டிலேயே தின்னப்பட்டுவிடும் எலிக்கு என்ன செய்யும்? பரிணாமத்தின் கண்ணுக்கு அது தெரிவதேயில்லை. 1977இல் தாமஸ் கிர்க்வுட் இதற்குச் செலவுக் கணக்கின் வடிவம் கொடுத்தார். உடலைப் பழுதுபார்க்க ஆற்றல் வேண்டும், குட்டி போடவும் ஆற்றல் வேண்டும், கையிருப்போ ஒன்றுதான். நாளை இருப்போமா என்று தெரியாத உயிர், பழுதுபார்ப்பதைக் குறைத்துப் பிள்ளைகளில் போடும். புறாவுக்கு இறக்கை இருக்கிறது. ஆபத்து வந்தால் தரையை விட்டுவிடலாம். நாளை என்ற ஒன்று அதற்குக் கொஞ்சம் உறுதி. உடலைப் பேணினால் பலன் உண்டு.

இந்த இரண்டு கணக்கும் கண்ணுக்குத் தெரியும் இடம் கூடுதான். எலியின் வளையில், கிழித்துப் போட்ட காகிதம், பஞ்சு, உலர்ந்த புல் எனக் கிடைத்ததையெல்லாம் திணித்த ஒரு குழியில், எட்டுக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் 5, 6 கிராம். இளஞ்சிவப்புத் தோலுக்குள் குடித்த பால் வெள்ளைத் திட்டாக வெளியே தெரியும். கண்ணும் காதும் மூடியிருக்கும். கண் திறக்கச் சுமார் இரண்டு வாரம், பால் மறக்க மூன்று வாரம். தாய் பிரசவித்த ஒரு நாளுக்குள் மீண்டும் சினைபிடிக்கக்கூடியது, சினைக்காலமும் மூன்று வாரம்தான். ஆகவே இந்தக் கூட்டம் பால் மறக்கும் வேளையில் அடுத்த கூட்டம் வந்து சேரலாம். தகப்பனுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் இந்தக் குட்டிகளே குட்டி போடும்.

புறாக் கூடு என்று சொல்வதற்கே கொஞ்சம் தாராள மனது வேண்டும். சுவர் விளிம்பில் நான்கு குச்சிகளை அடுக்கிவிட்டு அதைக் கூடு என்கிறது. அதில் இரண்டே முட்டை. பகலின் நடுப்பகுதியில் ஆண் அடைகாக்கும், மாலையிலிருந்து மறுநாள் காலைவரை பெண். 17, 18 நாளில் வெளிவரும் குஞ்சு, மஞ்சள் மயிர் சிலும்பிய, அலகு மட்டும் பெரிதான, யாருக்கும் அழகாகத் தோன்றாத ஒன்று. அது தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்துக் குடிக்கிறது. குடிப்பது பால், தொண்டைக்குக் கீழே இரையைச் சேர்த்துவைக்கும் பையின் உட்சுவர் தடித்து உதிர்ந்து, பாலாடைக்கட்டிபோல் வரும் கொழுப்பும் புரதமும். தாயும் தகப்பனும் இருவரும் சுரக்கிறார்கள். இரண்டு நாளுக்குள் குஞ்சின் எடை இரு மடங்காகிறது, நான்கைந்து வாரத்தில் கூட்டைவிட்டுப் பறக்கும்போது ஏறத்தாழ பெற்றோர் அளவில் இருக்கிறது. குஞ்சு தானே முட்டையிட ஆறு மாதம் ஆகும். எலியால் வாந்திகூட எடுக்க முடியாது, அதன் உடலமைப்பு அப்படி. புறாவோ தொண்டைக்குக் கீழுள்ள பையிலிருந்து மேலே கொண்டுவருவதையே தாய்மையாகவும் தந்தைமையாகவும் ஆக்கிவைத்திருக்கிறது.

இவ்வளவு வேறுபட்ட இரண்டு பாலையும் இயக்குவது ஒரே ஹார்மோன், புரோலாக்டின். 1930களில் ஆஸ்கர் ரிடில் என்பவரின் குழு அதற்குப் பெயர் வைத்தபோது, பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அவர்களிடம் இருந்த கருவி புறாவின் அந்தப் பைதான். ஊசி போட்டதும் பையின் சுவர் எவ்வளவு தடிக்கிறது என்று பார்த்தார்கள்.

இதுவரை சொன்னது ஒழுங்காகக் கோத்த கதை: பறப்பதால் ஆபத்து குறைவு, அதனால் உடலைப் பேணும் கணக்கு, அதனால் தாங்கும் சவ்வு, அதனால் 35 ஆண்டு. இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. எடையில் ஒன்று என்பதற்காக இணைத்த இந்த இரண்டும் ஆயிரம் விஷயங்களில் வேறுபட்டவை. குரோமோசோம் எலிக்கு 42, புறாவுக்கு 80. ஒன்று பல்லால் கடிக்கிறது, ஒன்றுக்குப் பல்லே இல்லை. ஒன்றின் நுரையீரலில் காற்று உள்ளே போய் அதே வழியில் திரும்புகிறது, மற்றதில் காற்றுப்பைகள் வழியாக ஒரே திசையில் ஓடுகிறது. ஆயுளும் வேறு, சவ்வும் வேறு என்பதால் ஒன்றுக்கு ஒன்று காரணம் என்றால், ஆயுளும் வேறு, அலகும் வேறு என்பதால் அலகுதான் காரணம் என்றும் ஒருவர் வாதிடலாம். இரண்டே இனங்களை வைத்துப் பரிணாமக் காரணம் தேடாதீர்கள் என்று 1994இலேயே இரண்டு அமெரிக்க உயிரியலாளர்கள் ஒரு கட்டுரையில் எச்சரித்தார்கள். பார்ஹாவின் ஆய்வு வந்த அதே ஆண்டு.

ஆகவே மற்ற சாட்சிகளையும் அழைக்க வேண்டியிருக்கிறது. கொறிக்கும் விலங்கு என்றாலே அற்பாயுள் என்று நினைத்தால், அரைக் கிலோ எடையுள்ள சாம்பல் அணில் பாதுகாப்பில் 20 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்திருக்கிறது. அது வாழ்வது மரத்தின் மேல். கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் கூட்டமாக வாழும் ரோமமில்லாத அகழெலி, 35 கிராம்தான் இருக்கும், 30 ஆண்டுகளைத் தாண்டுகிறது; அதன் வீட்டுக்குள் நுழைய எதிரிகளுக்கு வழி குறைவு. பறவை என்றாலே தீர்க்காயுள் என்றும் இல்லை. தரையில் ஓடித் திரியும் ஜப்பானியக் காடை ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டுவது அரிது. பாலூட்டிகளில் இறக்கை பெற்ற வௌவால்களைக் கேட்டால், ஏழு கிராம் எடையுள்ள பிராண்ட் வௌவால் ஒன்று வளையமிடப்பட்டு 41 ஆண்டுகள் கழித்துச் சைபீரியாவில் உயிரோடு பிடிபட்டது. பறவையா கொறிவிலங்கா என்பதைவிட, எதிரியின் வாய்க்கு எட்டும் தூரத்தில் வாழ்கிறதா என்பதே ஆயுளை நன்றாகக் கணிக்கிறது. கூட்டிப் பார்த்தால், அளவுக்குப் பொருந்தாமல் குறைவாக வாழும் ஒரு கொறிவிலங்கையும் அளவுக்கு மீறி வாழும் ஒரு பறவையையும் நாம் பொறுக்கியெடுத்து ஒப்பிட்டிருக்கிறோம்.

சவ்வு விளக்கமும் இந்தக் குறுக்கு விசாரணையில் முழுதாக விழவில்லை. அகழெலியின் சவ்வுகளும் புறாவினுடையவைபோல் எளிதில் காறாதவை என்று 2006இல் தெரியவந்தது. ஆனால் அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், இளம் அகழெலிகளின் உடலிலேயே ஆக்சிஜனேற்றச் சேதம் சுண்டெலியைவிட அதிகமாக இருந்தது. காயம் சேர்ந்தால் முதுமை என்பதுதான் விதி என்றால், அந்தப் பிராணி முப்பது ஆண்டுகள் எப்படி ஓடுகிறது? ஹார்மனின் கொள்கை இன்று தனித்து நிற்க முடியாமல் தடுமாறுவதற்கு இதுபோன்ற விலங்குகளும் காரணம். சவ்வை ஒரு பங்காளியாக ஏற்கலாம்; முழு விடையாக ஏற்க நான் தயாராக இல்லை.

முதுமையைப் பற்றி ஆய்வுக்கூடங்கள் கற்றவற்றில் பெரும்பகுதி எலியிடமும் சுண்டெலியிடமும் கற்றதே. காரணம் எளிது: அவை சீக்கிரம் மூத்துச் சாகின்றன. மூன்று ஆண்டில் ஒரு பரிசோதனை முடிந்துவிடும், நிதி தீருமுன் முடிவு கையில் இருக்கும். புறாவை வைத்து அதே பரிசோதனையைத் தொடங்கும் இளம் ஆய்வாளர், முடிவைப் பார்க்கும்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார். முதுமையைச் சமாளிக்கத் தெரியாத விலங்கிடம் முதுமையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நேர்மாறாக, எலியை விட்டுப் புறாவைத் தேர்ந்தவர் பி. எஃப். ஸ்கின்னர். 1930களில் நெம்புகோலை அழுத்தும் எலிகளை வைத்துப் புகழ்பெற்ற அந்த உளவியலாளர், 1940களில் புறாவுக்கு மாறினார். போர்க்காலத்தில், திரையில் தெரியும் இலக்கைக் கொத்திக் குண்டை வழிநடத்தப் புறாக்களைப் பழக்கினார். திட்டம் கைவிடப்பட்டது, புறாக்களில் சில அவரிடமே தங்கின. புறாவின் மூளையில் சுமார் 31 கோடி நரம்பணுக்கள், அதே எடையுள்ள எலியின் மூளையில் சுமார் 20 கோடி என்று பிற்காலத்தில் எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஸ்கின்னருக்கு அது தெரியாது. சில ஆண்டுகள் கழித்து அந்தப் புறாக்களை எடுத்துப் பழைய இலக்கைக் காட்டினார். அவை தயங்காமல் கொத்தின. அவற்றோடு அன்றைக்கே பழக்கிய எலி ஒன்று இருந்திருந்தால், அதற்கு நினைவிருக்கிறதா என்று சோதிக்க எலியே இருந்திருக்காது.